லெட்டர்பிரஸ் காலத்துப் புத்தகம்: பாரம் பாரமாகப் பிரித்து மறுபடி தைக்கலாமா?

பழுத்ததாள்:
1950களில் அச்சான கிரவுன் அளவுப் புத்தகம், 320 பக்கம். முதுகோரம் இரண்டு கம்பி அடித்து, மேலட்டையை வஜ்ஜிரத்தால் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) ஒட்டியிருக்கிறது. கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளும் சிவந்துவிட்டது. ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டுத் தைத்து, மூன்று பக்கமும் வெட்டி, ரெக்சின் அட்டை போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். எனக்கு விரித்துப் படிக்கிற மாதிரி வேண்டும். வீட்டிலேயே செய்ய முடியுமா? மைதாப் பசையில் மயில்துத்தம் எவ்வளவு போட வேண்டும்?

ஊசிக்காது:
கடைத் தையல் வேண்டவே வேண்டாம். ஓரத்தில் குத்தித் தைத்தால் ஒன்றரை செ.மீ. உள் ஓரம் தையலுக்குள் போய்விடும். பிறகு விரிக்கும்போதெல்லாம் தாள் தையல் கோட்டில் மடங்கும். புதுத் தாள் தாங்கும், பழுத்த தாள் அந்தக் கோட்டிலேயே ஒடிந்து ஏடு ஏடாகக் கையோடு வரும். வெட்டினால் போன ஓரம் திரும்பாது.

கம்பி அடித்த புத்தகத்தில் ஒரு நல்ல விஷயம், மடிப்புகள் பெரும்பாலும் அறுபடாமல் முதுகுக்குள் இருக்கும். ஒரே தாளில் அச்சிட்டு மடித்த கட்டுதான் பாரம். 16 பக்கம் ஒரு பாரம் என்றால் உங்களுக்கு 20 பாரம். பாரத்தின் முதல் பக்க அடியில் சின்ன எழுத்தில் பாரம் எண் இருக்கிறதா பாருங்கள். 2ஆம் பாரம் 17ஆம் பக்கத்தில், 3ஆவது 33இல் தொடங்கும் (முன்னுரைக்குத் தனி எண் கொடுத்திருந்தால் கணக்கு மாறும்). பிரிப்பதற்கு முன் அத்தனை பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். குறைந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பு கிடைக்கிறதா என்று தேடலாம்.

கம்பியைக் குறடால் இழுக்காதீர்கள். பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாகத் தள்ளி எடுங்கள். முதுகில் காய்ந்த வஜ்ஜிரத்தைச் சுரண்டினால் மடிப்பும் சேர்ந்து வரும். அதன்மேல் கெட்டியான மைதாப் பசையைத் தடவி 15, 20 நிமிடம் பாலிதீனால் மூடிவையுங்கள். வஜ்ஜிரம் ஊறிக் கூழாகும், மரக்குச்சியால் வழித்துவிடலாம். ஈரம் உள்ளே இறங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

ஒவ்வொரு பாரத்துக்கும் மடிப்பில் 6 துளை: மேலிருந்தும் கீழிருந்தும் 1.2 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று, நடுவில், முதுகின் குறுக்கே போகும் இரண்டு நாடாக்களின் இருபுறமும் நான்கு. நாடா 1 செ.மீ. அகலப் பருத்தி. துளையை மடிப்பின் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். பழைய கம்பித் துளை ஓரத்தில்தான் இருக்கும், அதை மறந்துவிடுங்கள்.

எல்லோரும் சறுக்குவது நூலில்தான். அரை மி.மீ. நூல் என்றால் 20 பாரத்துக்கு முதுகில் 1 செ.மீ. ஏறும். புத்தகம் ஆப்பு மாதிரி நிற்கும், அட்டை மூடாது. மெல்லிய, முறுக்கான பருத்தி நூலில் தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள். நூலை இறுக்கும்போது முதுகின் வாட்டத்திலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் மடிப்பு கிழியும்.

மோர்ப்பதம்:
பசையைப் பற்றி மட்டும். மயில்துத்தம் போடாதீர்கள். பசை புளிக்காது, இராமபாணப் பூச்சி அண்டாது என்பது உண்மைதான், கடைக்காரர்கள் அதற்காகத்தான் போடுகிறார்கள். ஆனால் அது தாமிர உப்பு. கரைசல் அமிலத்தன்மை உள்ளது, தாமிரமும் தாளின் நார் சிதைவதை விரைவுபடுத்தும். ஏற்கெனவே அமிலத்தால் பழுத்த தாளுக்கு இது கூடுதல் தண்டனை.

ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இன்னும் ஐந்து நிமிடம். ஆறியபின் துணியில் வடிகட்டுங்கள். அட்டைக்கு அப்படியே, கிழிசல் ஒட்ட மோர்ப் பதம். ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை பக்கங்களில் படவே கூடாது. காய்ந்தபின் தண்ணீரில் கரையாது, அடுத்து பழுதுபார்ப்பவர் தாளைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பூச்சிக்குப் பயந்தால் அலமாரியில் வசம்புப் பொட்டலம் வையுங்கள், பசைக்குள் எதுவும் வேண்டாம்.

பழுத்ததாள்:
நன்றி. பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு, கடைசி ஒரு பாரத்தில் மடிப்பு அறுந்து தனித்தனி ஏடாக இருக்கிறது. மற்றவை முழுசாக இருக்கின்றன. ஆனால் தாள் மொடமொடவென்று இருக்கிறது. தைத்தால் தாங்குமா?

ஊசிக்காது:
எழுத்தில்லாத ஒரு மூலையை மெல்ல முன்னும் பின்னும் மடியுங்கள். நாலைந்து முறை தாங்கினால் தைக்கலாம். இரண்டாவது மடிப்பிலேயே ஒடிந்தால் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டி செய்து, பாரங்களை வரிசையாக அடுக்கி வைப்பதுதான் அந்தப் புத்தகத்துக்கு மரியாதை.

அறுந்த ஏடுகளுக்கு ஜப்பானிய டிஷ்யூ தாளில் (நீண்ட நார் கொண்ட மெல்லிய தாள்) 1 செ.மீ. பட்டை. கத்தரிக்கோலால் வெட்டாமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழியுங்கள். நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஓரம் தடிக்காமல் ஒட்டும். 1-2, 15-16 பக்கங்கள் கொண்ட ஏடுகள் ஒரு ஜோடி, 3-4, 13-14 அடுத்த ஜோடி, இப்படியே உள்ளே போங்கள். பட்டையை மடிப்பின் வெளிப்பக்கம் ஒட்டி, இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, பலகைக்கு நடுவே ஓர் இரவு கனம் ஏற்றுங்கள். அம்மிக்கல் போதும்.

மோர்ப்பதம்:
அட்டை வெட்டும்போது இழையோட்டம் (நார் ஓடும் திசை) பாருங்கள். இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளையும்போது விழுகிற வளைவுக் கோடு முதுகுக்கு இணையாக வர வேண்டும். குறுக்கே போனால் பசை காய்ந்ததும் அட்டை அப்பளமாக வளையும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். 2 மி.மீ. மில்போர்டு (கெட்டி அட்டை), மூன்று பக்கமும் 3 மி.மீ. நீட்டம், முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளி குறைந்தால் எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் அட்டை முதல் பாரத்தைப் பிடித்து இழுக்கும்.