பழைய காரில் ப்ளூடூத் ஸ்பீக்கர்போன்: வைக்கலாமா, வேண்டாமா?

காரைக்குடி_டாக்சி:
என் வண்டி பழைய டிசையர். அதில் இருக்கும் ஆடியோ செட்டில் ப்ளூடூத் கிடையாது. அதனால் சன்வைசரில் (முன்கண்ணாடிக்கு மேலே வெயிலை மறைக்கும் பலகை) கிளிப் போட்டு மாட்டும், போனோடு ப்ளூடூத்தில் இணையும் ஸ்பீக்கர்போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். போன் சட்டைப் பையிலேயே இருக்கும். மணி அடித்தால் கையைத் தூக்கி ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கண் ரோட்டை விட்டுப் போவதில்லை. கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிய உடனே கூப்பிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் அந்தச் சவாரி வேறு வண்டிக்குப் போய்விடும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எங்கள் ஸ்டாண்டில் சிலர் இதுவும் ஆபத்துதான் என்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

புதுவயல்_வாத்தியார்:
உங்கள் ஸ்டாண்டில் சொல்வது சரிதான் அண்ணே. கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, கவனம் எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2005இல் வெளிவந்தது. போன் பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011இல் ஒரு பரிந்துரை செய்தது: அவசரத்துக்கும் ஓட்டுவதற்கு உதவும் சாதனங்களுக்கும் தவிர, ஓட்டும்போது கையில் எடுத்துப்போகும் மின்னணுச் சாதனம் எதுவும் வேண்டாம், கைபடாமல் பேசும் வகையும் வேண்டாம் என்று. நீங்கள் வைசரில் மாட்டியிருப்பது அந்த வகைதான்.

காரைக்குடி_டாக்சி:
சார், அப்படிப் பார்த்தால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவரையும் இறக்கிவிட வேண்டுமே? சவாரிக்கு வருகிறவர்கள் ஆத்தங்குடி டைல்ஸ் எப்படிச் செய்கிறார்கள், இந்த வீட்டுக்கு எத்தனை கதவு என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருவார்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

புதுவயல்_வாத்தியார்:
அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2008இல் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. எதிரே லாரி வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுகிறார், திரும்ப வேண்டிய இடம் வந்தால் கையைக் காட்டுகிறார். போனில் பேசுகிறவருக்கு உங்கள் முன்னால் மாடு நிற்பது எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம். ஒரு கேள்விக்குப் பதில் யோசிக்கும் நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று பாருங்கள்.

தேவகோட்டை_மகள்:
வாத்தியார் சார் சொல்வதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். அப்பச்சி காரிலும் இதே மாதிரி ஸ்பீக்கர் உண்டு. மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிட்டுக் கல்யாண விஷயம் பேசுவார்கள். முகூர்த்த நாள், யார் வீட்டில் இறங்குவது, சமையலுக்கு யார் என்று பேச்சு நீளும். பேசப்பேச அப்பச்சியின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாகவே தளரும், வண்டி நடு ரோட்டில் ஊர ஆரம்பிக்கும். கோட்டையூர் தாண்டும்போது போட்ட இண்டிகேட்டர் பள்ளத்தூர் வரை டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடிப்பது காதில் விழாது. பக்கத்தில் இருக்கும் நான்தான் கையை நீட்டி இண்டிகேட்டரை அணைப்பேன். அவர் கண் ரோட்டில்தான் இருக்கிறது, ஆனால் பார்ப்பதில்லை.

கடைவீதி_மொபைல்:
செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், என் பங்குக்குக் கொஞ்சம். நான் இரண்டு பக்கமும் இல்லை. பேசுவது கெடுதலா என்பதை விட, சரியாகக் கேட்காமல் பேசுவது இன்னும் கெடுதல் என்பேன். இந்தச் சாதனத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே டப்பாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் மைக்குக்குள் திரும்பப் போனால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே எதிரொலியாகக் கேட்கும். அதைத் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. விலை மலிவான சாதனத்தில் அந்த ஏற்பாடு முரட்டுத்தனமாக வேலை செய்து உங்கள் குரலையும் சேர்த்து வெட்டிவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினாலோ ஏசி காற்று நேராக மைக்கில் அடித்தாலோ இன்னும் மோசம். அவர் "கேக்கலண்ணே" என்பார், ஓட்டுகிறவர் வைசர் பக்கம் தலையைச் சாய்த்துக் கத்துவார். அதைத்தான் பயந்து பார்க்கிறேன். கண்ணாடியை ஏற்றி, ஏசி காற்றைத் திருப்பி வைத்துவிட்டுப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். தானாக அழைப்பை எடுக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதை அணைத்து வையுங்கள். எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், வெயிலில் வண்டியை நிறுத்தும்போது அதைக் கழற்றி எடுத்துப் போங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே தொங்கினால் உப்பிவிடும். அப்படி உப்பிப்போய் என் மேசைக்கு வந்ததில் ஒன்றைத் திறந்தபோது மேல் மூடி தானாகவே எழும்பி நின்றது.

காரைக்குடி_டாக்சி:
பேட்டரி விஷயம் இதுவரை யாரும் சொல்லாதது, நன்றி தம்பி. சட்டம் எப்படி என்று யாராவது சொல்லுங்களேன். வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது?

கடைவீதி_மொபைல்:
மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவை 2019இல் திருத்தினார்கள். ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவது ஆபத்தாக ஓட்டுவதில் சேரும். முதல் தடவைக்கு 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிரிவில் இருப்பது கையில் பிடிப்பதைப் பற்றித்தான். வைசரில் மாட்டியதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

புதுவயல்_வாத்தியார்:
சட்டத்தில் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லாமல் போய்விடுமா? தைப்பூச நேரத்தில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழநிக்குக் காவடி எடுத்து நடக்கிறார்கள். விடிவதற்கு முன்பே ரோட்டோரம் வரிசையாகப் போவார்கள், நடுவில் வயதான ஆச்சிகளும் இருப்பார்கள். அந்த இருட்டில் உங்களுக்கு ஓர் அழைப்பு வந்தால் எடுப்பீர்களா அண்ணே?

காரைக்குடி_டாக்சி:
மாட்டேன் சார். அதில் சத்தியமாக மறுபேச்சில்லை. எங்கள் வீட்டிலும் பாதயாத்திரை போகிறார்கள். ஆனால் எல்லா அழைப்பும் ஒன்றல்ல. "ஏர்போர்ட் வாசலில் நிற்கிறோம்" என்று ஒருவர் சொல்ல, "பத்து நிமிஷத்தில் வந்துடறேன்" என்று நான் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூடச் சொல்லாவிட்டால் கைக்குழந்தையோடு வெளியூரில் நிற்கிறவர்கள் தவித்துப் போவார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் வண்டியை ஓரம்கட்டலாம் என்றால் திருமயம் தாண்டி ஓரத்தில் மண் இறங்கிக் கிடக்கிற இடங்கள் உங்களுக்கும் தெரியும். அங்கே நிறுத்துவதும் ஆபத்துதான்.

தேவகோட்டை_மகள்:
அண்ணே, அந்த ஒரு வரிக்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள். ரேட் பேசும்போதுதான் பயம். இத்தனை கிலோமீட்டர், டோல் தனி, டிரைவர் பேட்டா என்று மனசுக்குள் கணக்கு ஓடும். அதற்கு மட்டுமாவது நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

காரைக்குடி_டாக்சி:
சரி தங்கச்சி. ரேட் கேட்டால் "வண்டியில் இருக்கேன், நிறுத்திட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். ஸ்பீக்கரைக் கழற்றும் எண்ணம் இல்லை.

புதுவயல்_வாத்தியார்:
கழற்றத்தான் வேண்டும் என்பதே இப்போதும் என் பக்கம். வீட்டில் இருக்கும் ஒருவர் உங்கள் அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். எங்கள் தெருவில் ஒரு டிரைவரின் சம்சாரம் அப்படித்தான் சவாரி எல்லாம் குறித்து வைக்கிறார். அந்த டிரைவரின் போன் வண்டி நிற்கும்போது மட்டும்தான் பேசும்.