ஊருக்குத் தெரியாமல் எந்த டாக்டரிடம் போவது? (ஆண்கள் பிரச்சினை)

பெயர்_வேண்டாம்:
இதற்காகவே புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன். வயது 33, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது, கொஞ்ச மாதமாக விறைப்பு வந்தாலும் நிற்பதில்லை, சில நாள் வருவதே இல்லை. மனைவி ஒன்றும் கேட்பதில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

திண்டுக்கல் பக்கம் சின்ன ஊர். இங்கே இருக்கிற டாக்டர்தான் அப்பாவுக்கு சுகர் பார்க்கிறார், அவருடைய கம்பவுண்டர் எங்கள் தெரு, மெடிக்கல்காரர் சித்தப்பாவோடு தினமும் டீ குடிக்கிறவர். ராத்திரி டிவியில் வந்த ஒரு விளம்பர எண்ணுக்குப் போன் செய்தேன். பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, லாட்ஜில் முகாம் போடுகிறோம் பணத்தோடு வாருங்கள் என்றார்கள். வைத்துவிட்டேன். அதிலிருந்து விதவிதமான எண்களில் கூப்பிடுகிறார்கள்.

மதுரைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். எந்தப் பிரிவு? ஆதார் கேட்பார்களா? நேராக மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா?

மருந்துச்சீட்டு:
முதல் வேலை, அந்த எண்களை எல்லாம் பிளாக் செய்யுங்கள். ஆண்மை பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், அதைச் செய்கிறவர்கள் உங்கள் ரகசியத்தை மட்டும் காப்பாற்றுவார்களா என்ன.

யூராலஜி போங்கள், தமிழில் சிறுநீரியல் என்பார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கல்லடைப்புக்கும் புராஸ்டேட்டுக்கும் வந்தவர்கள். தெரிந்த முகம் யாராவது பார்த்துவிட்டால் கல் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஊரில் யாருக்குத்தான் கல் இல்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு இருக்கிறது, தனியாரிலும் இருக்கிறது. ஓபி சீட்டுக்குப் பெயர், வயது, ஊர், போன் எண் கேட்பார்கள். சீட்டில் எதற்கு வந்தீர்கள் என்று விவரம் எழுத வேண்டாம், உள்ளே போய் டாக்டரிடம் சொன்னால் போதும். உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள், வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் மெசேஜ் வந்ததே என்று புலம்பாதீர்கள். மருந்தையும் மதுரையிலேயே ரொக்கமாக வாங்கிவிடுங்கள்.

நேராக மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனாஃபில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைச் சேர்த்துப் போட்டால் பிரஷர் மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. 33 வயதில் உங்களுக்கு அப்படி இருக்காதுதான், ஆனாலும் இதயத்தையும் பிரஷரையும் பார்க்காமல் எழுதிக் கொடுக்கிற டாக்டரை நான் மதிக்க மாட்டேன்.

சுகர்க்காரன்:
அப்பாவுக்கு சுகர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. நான் இதே பிரச்சினைக்குப் போனபோதுதான் எனக்கு சுகர் இருப்பதே தெரிந்தது, அதற்கு முன்னால் தாகம், களைப்பு எதுவும் இல்லை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தில் இருப்பதைவிடச் சின்னது, அதனால் அடைப்பு ஆரம்பித்தால் பல பேருக்கு முதலில் இங்கேதான் தெரியும், நெஞ்சுவலி சில வருடம் கழித்துத்தான் வரும் என்று டாக்டர் விளக்கினார். சும்மா பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன், அப்புறம் படித்துப் பார்த்தால் உண்மைதான்.

வெறும் வயிற்றில் சுகர், மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், பிரஷர். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை எழுதினால் காலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும், சாயங்காலம் அளவு இறங்கிவிடும். லேபில் மாஸ்டர் செக்கப் என்று சொல்லுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள், மாத்திரையைவிட அது முக்கியம்.

முன்னாள்_ஆலோசகர்:
அரசு மருத்துவமனையில் ஆலோசகராக வேலை பார்த்தவன். ஒன்று கேட்கிறேன், பதில் இங்கே எழுத வேண்டாம்: காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் வேலை செய்கின்றன, சிக்கல் மனதில் இருக்கலாம். ஒரு நாள் முடியாமல் போகும், அடுத்த நாள் இன்றாவது முடியுமா என்ற பயத்தோடு படுக்கப் போவீர்கள், அந்தப் பயமே காரியத்தைக் கெடுக்கும். இதற்கு மனநல மருத்துவரும் உதவுவார். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலிமனஸ்) இலவசம், தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வுக்கோ பிரஷருக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மருந்துகளாலும் இப்படி ஆகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. விந்து போனால் சத்து போகும் என்ற பயம் நம் ஊரில் எவ்வளவு பேரைப் பிடித்து ஆட்டுகிறது என்றால், அதற்கே 1960-இல் மனநல மருத்துவர் விக் என்பவர் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பயத்தை வைத்துத்தான் லாட்ஜ் முகாமே நடக்கிறது.

புண், சீழ், எரிச்சல் என்று தொற்று சந்தேகத்தோடு இதைப் படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வழி வேறு. பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம். 2017-ஆம் வருடச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்து பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

தாம்பரம்_வாசி:
எல்லோரும் சேர்ந்து சித்த மருத்துவத்தையே லாட்ஜில் தள்ளிவிடாதீர்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, படித்துப் பதிவு செய்த டாக்டர்கள் நாடி பார்த்து, ரத்தமும் பரிசோதித்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள்.

மருந்துச்சீட்டு:
அங்கே போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லேபிள் இல்லாத டப்பாவில் வரும் லேகியத்தைத்தான் சொல்கிறேன். மூலிகை என்று விற்றதில் சில்டெனாஃபிலையே கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்டவுடன் வேலை செய்கிறது என்றால் எனக்கு அதுதான் சந்தேகம்.

மதுரைப்பெண்:
ஊருக்குத் தெரிய வேண்டாம், சரி. மனைவிக்குமா? என் வீட்டுக்காரர் சொல்லாமல் ஒதுங்கி ஒதுங்கிப் படுத்த காலத்தில், வேறு யாரோ இருக்கிறார்கள் போல என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி, முடிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் வேறு ஏதாவது நினைத்து சந்தோஷப்படும், நினைக்கட்டும்.

பெயர்_வேண்டாம்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், இன்றைக்கே பேசிவிடுகிறேன். முதலில் வீடியோவில் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் மதுரை போனால் சரியாக இருக்குமா? கம்பெனி இன்சூரன்ஸில் தெரியவருமா?

மருந்துச்சீட்டு:
வீடியோவில் பேசலாம், அரசின் இசஞ்சீவனி இலவசம். உங்கள் போனுக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான். ஆனால் பிரஷர் பார்க்கவும் உடம்பைப் பரிசோதிக்கவும் எப்படியும் நேரில்தான் போக வேண்டும், அதனால் கூச்சம் உடைய அதை வைத்துக்கொள்ளுங்கள், மதுரையைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி இன்சூரன்ஸ் பெரும்பாலும் அட்மிஷனுக்குத்தான், ஓபி செலவை நீங்கள் கிளெய்ம் செய்யாத வரை அங்கே எதுவும் போகாது. கிளம்புகிற அன்று காலையில் சாப்பிடாமல் போங்கள், டாக்டர் பார்த்த கையோடு ரத்தமும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.