8 ஜிபி போதுமா? இரண்டாயிரம் வெள்ளிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு

கெப்போங்_வாசி:
என் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பருக்கு வயதாகிவிட்டது. டோட்டா ஆட்டம் ஓடுகிறது. ஆனால் டூம் டார்க் ஏஜஸ் திறக்கவே மாட்டேன் என்கிறது, ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) உள்ள கார்டு கட்டாயமாம். என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 சிபியு, பி450 போர்டு, 16 ஜிபி ராம், 550 வாட் பவர் சப்ளை. திரை 1080பி, அடுத்த வருடம் 1440பிக்குப் போகலாம் என்று ஆசை. கையில் இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. லோ யாட் கணினிக் கடைகளில் கேட்டால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060தான் என்கிறார்கள். கூட வேலை செய்பவர் ஏஎம்டி 9060 எக்ஸ்டி என்கிறார். எதை எடுக்க?

லோயாட்_நடையன்:
கடையில் சொன்னது சரி தம்பி. 5060 எடு, மிச்சக் காசில் எஸ்எஸ்டி போடு. போன வருடம், அதாவது 2025 மே மாதம், 299 டாலருக்கு வந்த கார்டு. 8 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி, 145 வாட், ஒரே ஒரு எட்டு பின் கேபிள். எல்லாவற்றுக்கும் மேல் டிஎல்எஸ்எஸ் 4, படத்தைச் சிறிதாக வரைந்து ஏஐ வைத்துப் பெரிதாக்கும் வசதி. 'குவாலிட்டி'யில் போட்டுவிட்டு ஆட்டத்தில் இறங்கினால் அசல் எது, இது எது என்று பலருக்குத் தெரியாது. அதே வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 தேறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிஎல்எஸ்எஸ் இருக்கும் ஆட்டங்களின் பட்டியல் அதைவிட நீளம். 8 ஜிபி போதாது என்று கூவுகிறவர்கள் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) அல்ட்ராவில் வைத்துவிட்டு அழுகிறவர்கள். ஒரு படி இறக்கு, முடிந்தது கதை.

பாயான்பாரு:
முடியவில்லை அண்ணே, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவருடைய போர்டு என்னவென்று பார்த்தீர்களா? பி450, அதாவது கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழி பழைய 3.0. 5060க்கு அதில் இருப்பது எட்டே லேன் (தடம்).

ஆட்டம் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை தொல்லையில்லை. கார்டின் சொந்த மெமரி வினாடிக்கு 448 ஜிபி கொடுக்கும். நிரம்பி வழிந்தால் மிச்சம் கணினியின் ராமுக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வர அந்த எட்டு லேன்தான் வழி. புது பிசிஐஇ 5.0 போர்டில் அந்த வழியில் வினாடிக்குச் சுமார் 32 ஜிபி போகும். அவருடைய போர்டில் சுமார் 8. அதனால்தான் விமர்சகர்கள் புத்தம்புது போர்டில் வைத்து எடுக்கும் எண்கள் இவருக்கு அப்படியே பொருந்தாது.

நேரில் எப்படித் தெரியும் என்றால், மூலையில் 70 எஃப்பிஎஸ் (வினாடிக்கு 70 படம்) என்று காட்டிக்கொண்டிருக்கும், கேமராவை வேகமாகத் திருப்பினால் ஆட்டம் திக்கும். சில ஆட்டங்கள் திக்காமல் தந்திரம் செய்யும்: சுவர், பாறையெல்லாம் மங்கலாகவே நிற்கும், கிட்டப் போனாலும் தெளியாது. சராசரி எஃப்பிஎஸ் வரைபடத்தில் இது எதுவும் வராது.

9060 எக்ஸ்டி 16 ஜிபி பதிப்பு 2025 ஜூனில் 349 டாலருக்கு வந்தது. 16 லேன், பழைய போர்டிலும் இரட்டிப்பு வழி. அதைவிட, 16 ஜிபி இருந்தால் பெரும்பாலும் வழியவே வழியாது.

லோயாட்_நடையன்:
பினாங்குக்காரர் ஏஎம்டிக்கு வக்காலத்து வாங்குவது புதிதா என்ன? ஏஎம்டி இருக்கிற பாயான் லெப்பாஸின் சோறு பேசுகிறது.

பாயான்பாரு:
ஹா ஹா. பாயான் லெப்பாஸில் இன்டெலும்தான் இருக்கிறது, இரண்டும் 1972இல் பினாங்குக்கு வந்தவை. அப்படிப் பார்த்தால் நான் இன்டெலின் ஆர்க் பி580 கார்டையும் சேர்த்து விற்க வேண்டும். 249 டாலர், 12 ஜிபி, கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் 3600 மாதிரிப் பழைய சிபியுவோடு அது சரியாகப் போகாது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் சிபியுவுக்கு நிறைய வேலை வைக்கிறது, 2025 தொடக்கத்தில் வந்த சோதனைகளிலேயே இது வெளியாகிவிட்டது. அதனால் இவருக்கு வேண்டாம். ஊர்ப்பாசம் இவ்வளவுதான். எப்படியும் மூன்று கம்பெனியின் சில்லும் தைவானில் டிஎஸ்எம்சி செய்வதுதான்.

லோயாட்_நடையன்:
சரி, வழிகிற கதைக்கு வருவோம். எந்த ஆட்டத்தில் வழிகிறது? 1080பியில், ஹை செட்டிங்கில்?

பாயான்பாரு:
இண்டியானா ஜோன்ஸ் ஆட்டத்தில் 'டெக்ஸ்சர் பூல்' என்றே ஒரு செட்டிங் உண்டு. 8 ஜிபி கார்டில் அதைக் கூட்டிப் பாருங்கள், எஃப்பிஎஸ் சரிந்து விழும். மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸும் 8 ஜிபி கார்டுகளைப் படுத்தியது. நீங்கள் புகழ்கிற டிஎல்எஸ்எஸ் 4இல் ஃபிரேம் ஜெனரேஷன் (இடையிடையே படங்களைச் செய்து சேர்ப்பது) இருக்கிறதே, அதை இயக்கினால் அதுவும் கார்டின் மெமரியில்தான் இடம் கேட்கும். இருக்கிற 8இல் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். ரே டிரேசிங்கும் அப்படித்தான். 5060இன் பலம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் இரண்டுமே மெமரி தின்னும் சமாச்சாரம். அவர் 1440பி வேறு போகிறேன் என்கிறார்.

லோயாட்_நடையன்:
'போகிறேன்' என்று சொல்கிற திரையை அடுத்த வருடம் வாங்குவாரா, கல்யாணச் செலவு வருமா, யாருக்குத் தெரியும்? இன்று இருக்கிற திரைக்குக் கார்டு வாங்கச் சொல்கிறேன். ரே டிரேசிங் கனமாக உள்ள ஆட்டங்களில், சைபர்பங்கில் பாத் டிரேசிங் (ரே டிரேசிங்கின் உச்ச நிலை) போட்டுப் பார்த்தால், என்விடியா கை இன்னும் ஓங்கித்தான் இருக்கிறது. கரண்டும் குறைவு.

பாயான்பாரு:
கரண்டு! 145க்கும் 160க்கும் 15 வாட் வித்தியாசம். தினம் நாலு மணி நேரம் ஆடினாலும் மாதம் இரண்டு யூனிட் வராது. ஒரு தே தாரிக் டீக் காசுகூட ஆகாது அண்ணே. பாத் டிரேசிங்கை 5060இல் போடுபவர் பொறுமைசாலி, அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழையசரக்கு:
இரண்டு பேரும் புதுக் கார்டுக்கே அடித்துக்கொள்கிறீர்கள். பழைய ஏஎம்டி 6700 எக்ஸ்டி எடுத்தால் 12 ஜிபி, கையில் நல்ல தொகையும் மிஞ்சும். 16 லேன்தான் அதுவும்.

லோயாட்_நடையன்:
2021இல் வந்த கார்டு, 230 வாட். ஈதரியம் கிரிப்டோ 2022 செப்டம்பரில் மைனிங்கை (கார்டுகளை ஓட்டிக் காசு ஈட்டுவதை) நிறுத்தியதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த தலைமுறை. 2025 அக்டோபரில் ஏஎம்டி அந்தத் தலைமுறையின் டிரைவரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாகச் சொல்லி, ஆட்கள் கத்தியபிறகு விளக்கம் கொடுத்தது. அதை நம்பியா?

பழையசரக்கு:
மைனிங் பயம் பாதி கட்டுக்கதை. மைனிங் செய்தவன் பெரும்பாலும் வாட்டைக் குறைத்துத்தான் ஓட்டினான். தேய்வது விசிறியும் பேஸ்டும், இரண்டும் மாற்றக்கூடியவை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் பெட்டியைக் கைமாற்றி வாங்குவது. விற்பவர் வீட்டில், ஒரு கனமான ஆட்டம் அரை மணி ஓடுகிறவரை உட்கார்ந்து, சூட்டைப் பார்த்து, விசிறிச் சத்தத்தைக் கேட்டு வாங்க வேண்டும். டிரைவர் விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

நிலா3டி:
தம்பி, ஆட்டம் மட்டும்தானா, வேறு வேலையும் உண்டா? பிளெண்டர் மாதிரி 3டி மென்பொருள் இருந்தால் இந்த வாதமே தலைகீழ். ஏஎம்டியிலும் ரெண்டர் ஆகும், ஆனால் என்விடியாவின் ஆப்டிக்ஸ் ரெண்டர் முறையின் வேகம் வராது. அப்போது 5060 டிஐ 16 ஜிபியைத்தான் சொல்வேன், 429 டாலர் கார்டு, உங்கள் கணக்குக்கு இடிக்கும்.

கெப்போங்_வாசி:
இல்லைக்கா, தங்கச்சி எப்போதாவது வீடியோ வெட்டுவாள், அவ்வளவுதான்.

நிலா3டி:
அப்போது தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம், இந்த இரண்டு கம்பெனியும் செய்திருக்கிற அநியாயம். 9060 எக்ஸ்டியிலும் 8 ஜிபி பதிப்பு உண்டு, 5060 டிஐயிலும் உண்டு. பெயர் ஒன்றே. பெட்டியும் ஏறக்குறைய ஒன்றே, முகப்பில் ஒரு மூலையில் இருக்கும் அந்த எண் மட்டும்தான் வேறு. சனிக்கிழமைக் கூட்டத்தில், 'நைன் ஓ சிக்ஸ்டி எக்ஸ்டி, மலிவு பாஸ்' என்று கையில் திணித்தால், பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பில்லிலும் '16 ஜிபி' என்று எழுதச் சொல்லுங்கள். உத்தரவாத ஸ்டிக்கர் உள்ளூர் விநியோகஸ்தருடையதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெப்போங்_வாசி:
சரி, 9060 எக்ஸ்டி 16 ஜிபி. விலை இரண்டாயிரத்துக்குள் நின்றால் இந்த வாரமே. மெமரி விலை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் காத்திருக்கப் பயமாக இருக்கிறது.

லோயாட்_நடையன்:
வாங்கு, உன் காசு. ஆனால் 3600ஐ வைத்துக்கொண்டு புது ஆட்டங்களில் 144 எஃப்பிஎஸ் எதிர்பார்க்காதே. பாயான்பாரு இதைச் சொல்லாமல் நழுவிவிட்டார். மிஞ்சுகிற காசில் ரைசன் 5600 சிபியு போடு, பி450இல் உட்காரும்.

பாயான்பாரு:
நழுவவில்லை, 5060 போட்டாலும் அதே 3600தானே. 5600 நல்ல யோசனை, அதில் சண்டை இல்லை. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப் பதிப்பை முதலில் ஏற்ற வேண்டும், பழைய சிபியு உள்ளே இருக்கும்போதே.

கெப்போங்_வாசி:
பயாஸ் ஏற்றும்போது கரண்டு போனால்?

பழையசரக்கு:
போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் சாயங்காலம் இடி மழை நேரத்தில் தொடாதே, காலையில் செய்.