கடல் அட்டைத் தடைக்கு இன்றைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

வேதாளைக்காரன்:

கடந்த வாரம் எங்கள் கரையில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரின் வலையில், பாசியோடு சுருண்டபடி கையளவு வெள்ளை அட்டை (கடல் அட்டையில் ஒரு வகை) ஒன்று சிக்கிக் கிடந்தது. அவர் அதைக் கையால் எடுக்கவே அஞ்சினார். வலையின் கண்ணைக் கத்தியால் அறுத்து, அட்டையைக் காலாலேயே தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்று இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார். திருடாத ஒருவருக்கு ஏன் அந்தப் பயம் வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் நம் கடலின் ஆவுளியாவும் (கடல் பசு) இருந்த அதே பட்டியலில், கடல் அட்டைகள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன; அன்றுமுதல் அவற்றைப் பிடிப்பதே குற்றம். நம் நாட்டுக் கடல்களில் ஏறத்தாழ 200 வகை அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் விலைபோகக்கூடியவை மிகச் சிலவே. எது அருகியது, எது மிகுந்து கிடக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகப் பட்டியலில் சேர்த்ததற்குப் பெயர் அறிவியலா? தடை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அது பலன் தந்ததா என்று அளந்து பார்த்துப் பட்டியலைத் திருத்த வேண்டிய கடமை அதைக் கொண்டுவந்தவர்களுக்கு இல்லையா?

பார்க்கடல்:

வேதாளையார் எழுப்பியிருக்கும் இரண்டு கேள்விகளில் இரண்டாவது நியாயமானது. முதலாவதற்கு மறுப்புச் சொல்கிறேன். நான் கடலுயிரியல் படித்தவள், மண்டபம் பக்கத்துப் பவளப்பார்களில் சில ஆண்டுகள் மூழ்கி வேலை செய்தவள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அட்டை ஓடித் தேடி இணை சேரும் உயிரினம் அன்று. ஆணும் பெண்ணும் இருந்த இடத்திலிருந்தே விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. அவை கடலிலேயே கலந்து கருவாக வேண்டும். பக்கத்தில் இன்னொரு அட்டை இல்லையென்றால் ஒரு பெண் அட்டை விடும் இலட்சக்கணக்கான முட்டைகளும் வீணாகின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட அடர்த்திக்குக் கீழே போய்விட்டால், பிடிப்பதை அடியோடு நிறுத்தினாலும் அந்தக் கூட்டம் தானாக மீண்டு வருவதில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவிலுள்ள டோரஸ் நீரிணையில், இதே வெள்ளை அட்டையைப் பிடிப்பது 1998இல் நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சென்று எண்ணியபோதும் பழைய நிலை திரும்பியிருக்கவில்லை. மீனுக்குப் பொருந்தும் கணக்கு அட்டைக்குப் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது. எல்லா வகைகளையும் சேர்த்துத் தடுத்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது: அவித்துக் காயவைத்த பிறகு எந்த வகை எது என்று பிரித்துச் சொல்வது சோதனை செய்பவருக்கு எளிதன்று. ஒரு வகையை அனுமதித்தால் மற்றவை அதன் பெயரில் கப்பலேறிவிடும்.

கீழக்கரை வாசகன்:

என் பாட்டனார் அட்டை அவித்தவர். அது குற்றமாக இல்லாத காலம். குடலை எடுத்த அட்டைகளை அண்டாவில் வேகவைத்து, ஈர மணலில் குழி வெட்டிப் புதைத்துவைப்பார்கள். மேலிருக்கும் சுண்ணாம்புத் தோல் அழுகிக் கழன்ற பிறகு எடுத்துக் கழுவி, மறுபடியும் அவித்து வெயிலில் பரப்புவார்கள். வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைத்ததில்லை. அத்தனையும் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போனது.

காய்ந்த பின் நீளம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும், எடை இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2001க்கு முன்னாலும் ஒரு விதி இருந்தது. 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1982இல் தடுத்தார்கள். காகிதத்தில் அழகான விதிதான். ஆனால் அளவுகோலைத் துறைமுகத்தில், காய்ந்த சரக்கின் மேல் வைத்தார்கள். அதற்குள் சின்ன அட்டை செத்து, அவிந்து, காய்ந்தும் விட்டது. அதைத் திருப்பிக் கடலில் விடவா முடியும்? பாட்டனாரின் அண்டாவில் விழுந்த அட்டை வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்ததாக அத்தா சொல்வார். ஆகவே தடை வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. அறிவியல் சரியாக இருந்தும் விதியை வைத்த இடம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

வேதாளைக்காரன்:

பார்க்கடல் அம்மையாரின் உயிரியல் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த விளக்கமே என் பக்கம் சாய்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. அடர்த்திதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், அந்த அடர்த்தியை ஆண்டுதோறும் எண்ணியிருக்க வேண்டுமல்லவா? தடைக்கு முன் எத்தனை கிலோ கரையிறங்கியது என்ற கணக்கு ஓரளவாவது இருந்தது. தடை வந்த அன்றே அந்தக் கணக்கு நின்றுபோனது, ஏனென்றால் சட்டப்படி இறங்காத சரக்குக்குக் கணக்கு எழுத முடியாது. இப்போது செய்தித்தாளில் வருவதெல்லாம் பிடிபட்ட மூட்டைகளின் எடைதான். சோதனை கூடினால் அந்த எண் கூடும், குறைந்தால் குறையும். அதைக்கொண்டு கடலில் அட்டை பெருகியதா அருகியதா என்று எவராலும் சொல்ல முடியாது. தடை தன்னைச் சோதித்துப் பார்ப்பதற்கான கண்ணையே தானே குத்திக்கொண்டது.

இன்னொன்று. அதே 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் முழுவதையும் முதல் அட்டவணையில் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, அதே ஆண்டு டிசம்பரில் பத்து வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதத்தில் சுறாவின் உயிரியல் மாறிவிட்டதா? சுறா பிடிப்பவரிடம் பெரிய படகும் வலுவான சங்கமும் இருந்தன. இங்கே கழுத்தளவுத் தண்ணீரில் மூச்சடக்கிக் குளித்து அட்டை எடுத்தவருக்கு யார் இருந்தார்? தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமன்னாரில் அதே வெள்ளை அட்டையை உரிமம் பெற்று எடுக்கிறார்கள். ஒரே நீரிணையின் இரு கரைகளில் இரண்டு அறிவியல் இருக்க முடியாது.

பார்க்கடல்:

தடை தன் கண்ணைக் குத்திக்கொண்டது என்பதை மறுக்கவில்லை. உண்மையில் எங்களைப் போன்றவர்கள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய குறை அது. எண்ணாமல் விட்டதற்கு ஆராய்ச்சியாளர்களும் பொறுப்பாளிகள்.

ஆனால் கணக்கு இல்லை என்பதிலிருந்து கதவைத் திறக்கலாம் என்ற முடிவுக்கு எப்படிப் போகிறீர்கள்? இருட்டறையில் படி இருக்கிறதா என்று தெரியாதவர் காலை நிதானமாகத்தான் வைப்பார். சுறாவின் உயிரியல் மாறவில்லை, அது சரி. அதனால் சுறாவுக்குச் செய்தது தவறாக இருக்கலாமே தவிர, அட்டைக்கும் அதையே செய்வது சரியாகிவிடாது. இலங்கையைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கும் ஆழங்குறைந்த கடலில் அட்டை அருகிய பின்தான் பண்ணைகளுக்குப் போனார்கள். அந்தப் பண்ணைகள் சிறு மீனவர்கள் வலை போடும் இடத்தை அடைத்துக்கொள்வதாகப் பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் எதிர்ப்பும் கிளம்பியது. அதைப் பார்த்தா நாம் பாடம் படிக்க வேண்டும்?

அவசரமாகத் திறந்துவிட்டதற்கு நம் கரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியைப் பிழைப்புக்கு வழி என்று சொல்லிக் கொண்டுவந்து மண்டபம் கடலில் வளர்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பார்களுக்கு ஆபத்து என்ற குரல் எழுந்த பிறகு, பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று 2005இல் மாநில அரசு ஆணையிட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது; அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சின்னப்பாலத்து மகள்:

அந்தப் பாசியை எங்கள் பக்கம் 'பெப்சி பாசி' என்றே சொல்வார்கள். பார்க்கடல் அக்கா அதன் பாதிக் கதையை மட்டும் சொல்லியிருப்பதால் மீதியை எழுத வேண்டியிருக்கிறது. குருசடை ஆய்வை மறுத்து எழுதியவர்களும் ஆய்வாளர்கள்தாம். அந்தப் பாசியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்ததும் அரசு ஆராய்ச்சி நிலையம்தான். இப்போது அதே இராமநாதபுரம் மாவட்டத்தில் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அறிவியல் ஒரே குரலில் பேசும் என்று நினைத்துக்கொண்டு இருவரும் வாதாடுகிறீர்கள். அரசு தனக்கு அப்போது வேண்டிய குரலைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

என் அம்மா நாற்பது ஆண்டுகளாகத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்லில் ஒட்டியிருக்கும் பாசியைக் கிள்ளி எடுப்பார். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, அதுவரை தொழிலாக இருந்தது அத்துமீறலாகிவிட்டது. பாசி எடுக்கும் பெண்கள் என்ன செய்தார்கள்? மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவோம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015இல் அமெரிக்காவிலிருந்து சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் போராட்டத்துக்காகத்தான். அந்தக் கட்டுப்பாட்டை மீறுகிறவரைப் பிடிக்க நுண்ணோக்கி தேவையில்லை. பதின்மூன்றாவது நாள் ஒரு படகு இறங்கினால் கரையிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை ஓரளவாவது நிலைத்து நிற்பதும் அதனால்தான். எல்லா மீனும் அந்த 61 நாளிலா முட்டையிடுகிறது? இல்லை. ஆனால் கட்டிக் கிடக்கும் படகைக் குழந்தைகூட எண்ணிவிடும்.

ஓய்வில் இருப்பவர்:

நெடுங்காலம் அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தக் கரையில் இரண்டு சட்டங்கள் இரண்டு துறைகளின் கையில் இருக்கின்றன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் பிடிக்கும் நாள்களை வரையறுக்கலாம், தூரத்தை வரையறுக்கலாம், வலைக்கண்ணை வரையறுக்கலாம். சிறிது சிறிதாகத் திருகும் திருகாணிகள் அதில் உண்டு. வன உயிரினச் சட்டம் அடிப்படையில் ஒரு பட்டியல். அதில் உயிரினம் உள்ளே இருக்கும் அல்லது வெளியே இருக்கும். அட்டை மீன்வளத்தின் கையிலிருந்து வனத்தின் கைக்குப் போன அன்றே, 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. அறிவியல் 'இந்த அளவு வரை' என்று பேசுவது. இந்தச் சட்டம் 'ஆம், இல்லை' என்று பேசுவது. நான் கோப்பு எழுதிய காலத்தில் இது எனக்கு உறைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேதாளைக்காரன்:

ஐயா சொன்னது எனக்குப் புதிது, நன்றி. அப்படியென்றால் என் கோரிக்கையைத் திருத்திச் சொல்கிறேன். தடையை நீக்குங்கள் என்று கேட்கவில்லை. முதலில் எண்ணுங்கள். அதுவும் எங்களையும் வைத்து எண்ணுங்கள். வெள்ளை அட்டை நாளின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கும். பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின்தான் மேலே வரும். காலை பத்து மணிக்கு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நீந்துகிறவர் வெறும் மணலைத்தான் எண்ணிவிட்டு வருவார். எந்த நேரத்தில், எந்த நீரோட்டத்தில், எந்தப் புல்தரையில் அது தலைகாட்டும் என்று குளித்து எடுத்தவருக்குத் தெரியும். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஆனால் தனக்குத் தெரியும் என்று சொன்னாலே வழக்கு வருமோ என்று வாய் திறக்க மாட்டார். 1988இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டைக் குஞ்சு பொரித்துக் காட்டினார்கள். அந்தக் குஞ்சுகளை நம் கடலில் விட்டுப் பார்த்திருந்தால், டோரஸ் நீரிணையைப் பார்த்துப் பயப்பட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பார்க்கடல்:

காலை பத்து மணி பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். நானும் காலை நேரத்தில் நாடா பிடித்தவள்தான். பிற்பகலில் காற்று எழும்பித் தண்ணீர் கலங்கிவிடும் என்பதால் அப்படிச் செய்தோம். என் குறிப்பேட்டில் உள்ள சுழியங்களில் எத்தனை உண்மையான சுழியம் என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

எண்ணுவதற்கு நான் உடன்படுகிறேன், குளித்தவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கும், குஞ்சு விடுவதற்கும் உடன்படுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. எந்த எண்ணைத் தாண்டினால் திறப்போம், எந்த எண்ணுக்குக் கீழே மறுபடி மூடுவோம் என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெப்பமண்டல அட்டைகளுக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 50 வரையாவது இருந்தால்தான் கருவுறுதல் தடைப்படாது என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. அது உயிர் பிழைக்கும் எல்லை, பிடிக்கும் எல்லை அன்று. பிடிப்பதற்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். எண்ணிய பிறகு எல்லையைப் பேசத் தொடங்கினால், கிடைத்த எண்ணுக்கு ஏற்ற எல்லையைத் தேடிப்பிடிக்கும் வேலைதான் நடக்கும். உங்கள் பக்கமும் அதைச் செய்யும், என் பக்கமும் செய்யும்.

வேதாளைக்காரன்:

முன்பே எழுதுவதற்குச் சம்மதம். 'பல மடங்கு' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எத்தனை மடங்கு என்று எண்ணாக எழுதுங்கள்.

சின்னப்பாலத்து மகள்:

எண்ணாக எழுதும்போது ஹெக்டேர் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். என் அம்மாவுக்கு ஹெக்டேர் தெரியாது. ஒரு வள்ளத்தின் நங்கூரக் கயிற்றை நீட்டிச் சுற்றிவந்தால் எத்தனை அட்டை காணக் கிடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த இறங்கு நாளில் அவரே எண்ணிச் சொல்லிவிடுவார்.