ஜேக்கப்ஸ் யார்டில் டீசல் டேங்க், ஒரு டேங்கர் லாரி: பப்ளிக் லயபிலிட்டி பாலிசி மட்டும் போதுமா?

கேள்வி: யார்டுக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் ஜேக்கப்ஸ் பகுதியில் வாடகை யார்டு. தரைக்கு மேலே இரண்டு டீசல் டேங்க்: ஒன்று 14,000 லிட்டர், இன்னொன்று 9,000. டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் மட்டும் 12 மீட்டர் தூரம் மண்ணுக்குள் போகிறது. 6,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று உண்டு. பைன்டவுன், டோங்காட் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு டீசல் கொண்டுபோய் ஊற்றுகிறோம்.

பப்ளிக் லயபிலிட்டி (அடுத்தவர் நஷ்டஈடு கேட்டால் கொடுக்கும் பாலிசி) 10 மில்லியன் ரான்டுக்கு இருக்கிறது. "மாசுபாடும் அதிலேயே அடங்கும்" என்கிறார் புரோக்கர். ஆனால் புது வாடிக்கையாளர் ஒருவர், தனியாகச் சுற்றுச்சூழல் பொறுப்புப் பாலிசி 5 மில்லியனுக்கு இருந்தால்தான் வேலை என்கிறார். யார்டு இருக்கும் மனையில் முன்பு பெட்ரோல் காரேஜ் இருந்ததாம். தனிப் பாலிசி உண்மையிலேயே தேவையா? எடுத்தால் எதைப் பார்த்து எடுப்பது?

பதில் 1: ஷரத்து வாசகி

புரோக்கர் சொன்னது பாதி சரி. பப்ளிக் லயபிலிட்டி பாலிசியில் மாசுபாடு முதலில் முழுசாக விலக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே, "திடீரென்று, எதிர்பாராமல், விபத்தாக நடந்தால் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது" என்று ஒரு வரி வரும். உங்களுக்கு இருக்கும் மாசுபாட்டு காப்பு அந்த ஒரு வரிதான். யார்டில் ஹோஸ் வெடித்தால் அந்த வரி கைகொடுக்கும். மண்ணுக்குள் இருக்கும் குழாயில் ஊசித்துளை விழுந்து மாதக்கணக்கில் கசிந்தால் கைகொடுக்காது. சில பாலிசிகளில் இன்னும் இறுக்கம்: சிந்திய 72 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அடுத்தது, அந்த வரி உதவினாலும் எதற்குப் பணம் வரும் என்பது. பப்ளிக் லயபிலிட்டி, அடுத்தவர் உங்கள் மேல் நஷ்டஈடு கேட்டால் கொடுக்கிற பாலிசி. உங்கள் யார்டு மண்ணைத் தோண்டி எடுக்க ஆகும் செலவு அதில் வராது. அதிகாரி உத்தரவு போட்டுச் சுத்தம் செய்யச் சொன்னால், அது "நஷ்டஈடா, சட்டக் கடமையா" என்ற வாதம் கிளம்பும். தனிப் பாலிசி எடுப்பதே இந்த மூன்றுக்காகத்தான்: மெதுவாகக் கசிவது, சொந்த இடத்தைச் சுத்தம் செய்வது, அரசு உத்தரவின்படி செய்யும் செலவு. இந்த மூன்றும் ஷெட்யூலில் (பாலிசியோடு வரும் விவரப் பட்டியலில்) எழுத்தில் இல்லையென்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அந்தப் பாலிசிக்குப் பணம் கட்டாதீர்கள்.

தேதி விவகாரமும் உண்டு. இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் "க்ளெய்ம் வந்த ஆண்டு" அடிப்படையில் ஓடுபவை. கசிவு எந்த வருடம் நடந்தது என்பதோடு, க்ளெய்ம் வரும்போது பாலிசி உயிரோடு இருந்ததா என்பதும் கேள்வி. ஷெட்யூலில் "முன்தேதி" ஒன்று இருக்கும். அதற்கு முன் தொடங்கிய மாசுக்குக் காப்பு இல்லை. இரண்டு வருடம் கழித்துக் குறைந்த பிரீமியத்துக்கு ஆசைப்பட்டு வேறு கம்பெனிக்கு மாறும்போது, புதியவர் முன்தேதியை அன்றைய நாளாகப் போட்டுவிடுவார். சேர்த்துவைத்த இரண்டு வருடக் காப்பும் அங்கே போய்விடும். பழைய முன்தேதியையே தரும்படி எழுத்தில் கேளுங்கள். தொழிலை மூடினாலோ விற்றாலோ, க்ளெய்ம் தெரிவிக்கக் கூடுதல் காலம் எத்தனை மாதம் என்றும் கேட்டு வையுங்கள்.

வக்கீல் செலவு 5 மில்லியனுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் பாருங்கள். உள்ளே என்றால், வழக்கு நீள நீள மண்ணைச் சுத்தம் செய்ய மிஞ்சும் பணம் குறையும்.

பதில் 2: பிரிவு 28

சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். 1998-ஆம் ஆண்டின் தேசிய சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், பிரிவு 28. மாசு உண்டாக்கியவர் மட்டுமல்ல, நிலத்தின் சொந்தக்காரர், நிலத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், பயன்படுத்தும் உரிமை உள்ளவர் எல்லோர் மேலும் கடமை உண்டு. வாடகைக்காரராகிய நீங்களும் இதில் அடக்கம். அதோடு 28(1A) என்று ஒரு உட்பிரிவு, சட்டம் வருவதற்கு முன்பு நடந்த மாசுக்கும் இது பொருந்தும் என்கிறது. பழைய காரேஜ் விட்டுப்போன பெட்ரோல் உங்கள் காலடியில் இருந்தால், "நான் ஊற்றவில்லை" என்று சொல்லி அதிகாரியை அனுப்பிவிட முடியாது.

உங்கள் 23,000 லிட்டர், சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் பொதுவான 80 கன மீட்டர் அளவுக்கு வெகு கீழே. அதனால் பொறுப்பும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அனுமதி தேவையில்லை என்பதற்கும் பிரிவு 28-க்கும் சம்பந்தமே இல்லை.

பெரிய சிந்தல் என்றால் அதே சட்டத்தின் பிரிவு 30. தீயணைப்பு, போலீஸ், நகராட்சி, மாகாணத் துறை, தேசியத் துறை, பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் உடனே தகவல் போக வேண்டும். 14 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை. தண்ணீரில் கலந்தால் தேசிய நீர்ச் சட்டத்தின் பிரிவு 20-ம் சேரும். ஜேக்கப்ஸ் மழைநீர்க் கால்வாய் அமான்சிம்ன்யாமா வழியாகத் துறைமுகக் குடாவுக்குப் போகிறது, ஆகவே "தண்ணீரில் கலக்கவில்லை" என்று சொல்ல வாய்ப்பு குறைவு.

இங்கேதான் பாலிசியும் சட்டமும் முட்டுகிற மாதிரி தெரியும். "பொறுப்பை ஒப்புக்கொள்ளாதே" என்கிறது பாலிசி, "உடனே சொல்" என்கிறது சட்டம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்: என்ன பொருள், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் ஓடியது, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதை மட்டும் எழுதுங்கள். யார் தவறு, ஏன் என்பதை முதல் அறிக்கையில் எழுத வேண்டாம். அதே மின்னஞ்சலை அன்றைக்கே இன்சூரன்ஸுக்கும் அனுப்புங்கள். அபராதத்தைப் பொதுவாகப் பாலிசி கட்டாது, அதை நம்பி இருக்க வேண்டாம்.

பதில் 3: டேங்க் மேஸ்திரி

பாலிசிக்கு முன்னால் அந்த 12 மீட்டர் குழாயைப் பேசுவோம். பம்ப் பக்கம் உறிஞ்சும் வகையாக இருந்தால் துளை விழுந்ததும் காற்று இழுத்துப் பம்ப் திணறும், தெரிந்துவிடும் என்பார்கள். அது தரைக்குக் கீழ் டேங்குக்குச் சரி. உங்களுடையது மேலே இருக்கும் டேங்க். பம்ப் ஓடாத ராத்திரியிலும் டீசலின் எடையே துளை வழியாகத் தள்ளிக்கொண்டிருக்கும். டேங்க் வாயிலில் சைஃபன் தடுப்பு வால்வு (டீசல் தானாக இழுபட்டு ஓடாமல் தடுப்பது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். என்னைக் கேட்டால், குழாயையே மண்ணுக்கு மேலே தூக்கிவிடுங்கள். 12 மீட்டர் குழாய்க்கு ஆகும் காசு, வருடா வருடம் பிரீமியத்தில் மிச்சமாகும்.

தினமும் காலையில் அளவுகோல் விட்டு, வந்தது, போனது, இருப்பு மூன்றையும் எழுதுங்கள். நாளுக்கு 10 லிட்டர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. வருடத்துக்கு 3,650 லிட்டர். அந்த நோட்டுதான் கசிவு என்றைக்குத் தொடங்கியது என்று காட்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: குறைவதை எழுதிவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்தால், "தெரிந்தும் சொல்லவில்லை" என்று அதே நோட்டைக் காட்டிக் க்ளெய்மை மறுப்பார்கள்.

டேங்குகளைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள் பெரிய டேங்கின் 110 சதவீதம் நிற்க வேண்டும்: 15,400 லிட்டர். தரை 6க்கு 5 மீட்டர் என்று வைத்தால் 30 சதுர மீட்டர், சுவர் உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல், இரண்டாவது டேங்க் அடைக்கும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம். இப்போது 2022 ஏப்ரல் மழையை நினையுங்கள், டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல். 30 சதுர மீட்டரில் அது 9,000 லிட்டர். டீசலுக்கு மிஞ்சுவது 6,400. அதனால் கூரை போடுவது நல்லது. வடிகால் வால்வு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும், மழைத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திறந்து, திறந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மழைக்காலத்தில் திறந்தே விட்ட வால்வைப் போலத் தடுப்புச் சுவரை வீணாக்குவது வேறில்லை.

வெள்ளம் வந்தால் காலி டேங்க் மிதக்கும். 9,000 லிட்டர் டேங்க் முழுசாக மூழ்கினால் தண்ணீர் அதை 9 டன் விசையோடு மேலே தூக்கும். குழாய் பிய்த்துக்கொண்டு வரும். கான்கிரீட்டோடு பட்டை போட்டுக் கட்டுங்கள்.

பழைய காரேஜ் சமாச்சாரத்துக்கு ஒரே வழி, பாலிசி தொடங்கும் முன் மண் சோதனை. நாலைந்து இடத்தில் துளை போட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து, பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் வகையறா, நாப்தலீன் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் பென்சீன் தூக்கலாக இருக்கும், டீசலில் குறைவு. பிற்காலத்தில் "இது அவருடையது, இது என்னுடையது" என்று பிரித்துச் சொல்ல அது உதவும். முடிவை 2014 மே மாதத்து மண் தூய்மை விதிமுறை அளவுகளோடு ஒப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்து, குத்தகையில் இணைத்துவிடுங்கள்.

பதில் 4: டேங்கர் ரூட்

லாரிக்கு யார்டுப் பாலிசி பொருந்தாது என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பாலிசியில் மூன்றாம் நபர் பகுதி மோதலுக்குத்தான். சரக்கு சிந்தினால் சுத்தம் செய்ய ஒரு சின்னத் தொகை தனி வரம்பாக இருக்கும், N3 நெடுஞ்சாலையில் ஒரு கவிழ்தலுக்கு அது காணாது. ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவருக்கான எஸ்.ஏ.என்.எஸ். 10231 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரம், மாசு நீக்கவும் சுற்றுச்சூழலைச் சீராக்கவும் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வாடிக்கையாளர் கேட்பது இதையொட்டித்தான்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் காப்பு உண்டா என்று கேளுங்கள். சிந்தல் நெடுஞ்சாலையைவிட வாடிக்கையாளர் டேங்கை நிரம்பி வழியவிடும்போதுதான் அதிகம். (தப்பான டேங்கில் ஊற்றி அவர் எஞ்சினைக் கெடுப்பது மாசுபாடு அல்ல, அது பொருள் பொறுப்புப் பகுதி, அதாவது விற்ற பொருளால் வரும் நஷ்டத்துக்கானது. அதுவும் இருக்கட்டும்.) டிரைவரின் டி வகை பி.ஆர்.டி.பி. (ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான தொழில்முறை ஓட்டுநர் அனுமதி) காலாவதியானால் க்ளெய்ம் அங்கேயே நிற்கும். அந்த வகைக்கு வயது 25 நிறைந்திருக்க வேண்டும்.

சிந்தல் சுத்தம் செய்யும் நிறுவனத்தின் பெயரை முன்கூட்டியே இன்சூரன்ஸிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். சனிக்கிழமை ராத்திரி யாரையோ கூப்பிட்டுப் பெரிய பில் போட்டால், "எங்கள் அனுமதி இல்லாமல் செலவு செய்தீர்கள்" என்பார்கள். தோண்டிய மண்ணை அபாயக் கழிவாக வகைப்படுத்தி, பாதுகாப்பாக அழித்த சான்றிதழ் வாங்காவிட்டால் அந்தப் பில்லுக்கும் பணம் வராது.

யார்டுக்காரர்

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். 2021 ஜூலை மாதிரி கலவரத்தில் யாராவது தீ வைத்தால் சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான அரசு இன்சூரன்ஸ்) பார்த்துக்கொள்ளுமா? அப்புறம், வாடிக்கையாளர் தன் பெயரையும் பாலிசியில் போடச் சொல்கிறாரே?

ஷரத்து வாசகி

சாஸ்ரியா உங்கள் சொத்துக்கு, கேட்டு வாங்கியிருந்தால் அதனால் வரும் வருமான இழப்புக்கு. பக்கத்துக்காரர் மண்ணுக்கோ ஆற்றுக்கோ அல்ல. அந்த 2021 கலவரத்தில் எரிந்த கார்னுபியா இரசாயனக் கிடங்கில் சேதம் தீயோடு நின்றுவிடவில்லை, இரசாயனம் கலந்த தண்ணீர் ஓஷ்லாங்கா ஆறுவரை போய், வடக்குக் கடற்கரைகளை மூட வேண்டிவந்தது. சுற்றுச்சூழல் பாலிசியிலும் கலவர விலக்கு இருக்கும்; தீயணைக்கும் தண்ணீரால் வரும் மாசுக்காவது அந்த விலக்கைத் தளர்த்த முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

வாடிக்கையாளர் பெயரை "பிரின்சிபல்" (வேலை கொடுப்பவர்) என்று சேர்க்கலாம், உங்கள் வேலையால் வரும் பொறுப்பு அளவுக்கு மட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் "எந்த இழப்பானாலும் நானே ஏற்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டால், சட்டப்படி வராத அந்தக் கூடுதல் சுமையை பாலிசி ஏற்காது. ஒப்பந்த வரைவைப் புரோக்கருக்கு அனுப்பி, அந்த ஷரத்துக்கு இன்சூரன்ஸின் பதில் மின்னஞ்சலாக வந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.