பறவைக்காரரோடு கோடியக்கரையில் குடித்தனம்: பையனோடு போகலாமா?

திருத்துறைப்பூண்டிக்காரி:
என் வீட்டுக்காரருக்குக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, எங்கே போய் வருகின்றன என்று தெரிந்துகொள்ள, காலில் வளையம் மாட்டி விடும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம். பையனுக்கு ஆறு வயசு. "ஸ்கோக்கோமில் லாக்லி குடும்பமே இருந்ததே" என்று தினமும் ஆரம்பித்துவிடுகிறார். வேல்ஸ் கரைக்கு அப்பால் நூறு ஹெக்டேர் தீவாம். ரொனால்ட் லாக்லி 1927-இல் குத்தகைக்கு எடுத்து, அடுத்த வருஷம் டோரிஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறினாராம். ஆன் என்று ஒரு மகள். முயல் வளர்த்துப் பிழைக்கப் பார்த்தது சரிவரவில்லை, எழுத்துதான் சோறு போட்டதாம். 1933-இல் பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகமும் அங்கேதான். எல்லாம் சரி. அந்த டோரிஸ் தண்ணீருக்கு என்ன செய்தாள் என்று கேட்டால் மட்டும் இவருக்குப் பதில் வரவில்லை. மாமியார் "வேண்டாம்" என்கிறார். இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
கோடியக்கரை தீவு இல்லீங்க, வேதாரண்யத்துக்குப் பஸ் இருக்கு. லாக்லிக்கு யோகம்: 1928-இல் அலிஸ் வில்லியம்ஸ் என்ற பாய்மரக் கப்பல் நிலக்கரியோடு வந்து அந்தத் தீவில் மோதியது. மரம் வீட்டுக்கு, கரி அடுப்புக்கு. நமக்குக் கப்பல் மோதாது, சிலிண்டர் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோடிக்காட்டுப் பொண்ணு:
தங்கச்சி, எங்கப்பா அங்கே வாட்சர். பத்து வயசு வரை நான் வளர்ந்தது அங்கேதான். பையனுக்கு அது சொர்க்கம். வெளிமான் வாசலுக்கு எதிரே மேயும். பாலப்பழம் தின்றால் உதடு ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் வளையம் மாட்டிய கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவையை ஓர் அண்ணன் என் உள்ளங்கையில் வைத்தார். எடையே தெரியவில்லை. பறந்துவிடும் என்று பார்த்தால், நிதானமாக எச்சம் போட்டுவிட்டுத்தான் போனது.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். பறவை பிடிக்க விடியுமுன் வலை விரிக்கப் போவார்கள், அதற்கு முன்னால் டீ. கைபம்பில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக்கு மணல்மேட்டு ஊற்று, ஒரு நாளைக்கு எட்டுக் குடம். அப்பாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: என்ன பறவை, எத்தனை, காற்று எந்தப் பக்கம், எல்லாம் இருக்கும். அந்த எட்டுக் குடம் பற்றி ஒரு வரி கிடையாது. தண்ணீர் யார் எடுப்பது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. பறவை வரும் மாசமும் புயல் வரும் மாசமும் ஒன்றுதான். கஜா 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்தது. எங்கள் ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைச் சேதி வந்தால் அவர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், பையனைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்கு வந்துவிடுங்கள்.

அரிசிப் பானைக்குக் கனமான மூடியாகப் பாருங்கள். குரங்கு.

திருத்துறைப்பூண்டிக்காரி:
அக்கா, நோட்டு விஷயத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அங்கே மோட்டார் இருக்கிறதா என்று கேட்கிறேன்" என்று போனை எடுத்தார். குரங்குக்கு எவ்வளவு கனமான மூடி வேண்டும்?

கோடிக்காட்டுப் பொண்ணு:
மூடி எதுவானாலும் சரி, மேலே ஆட்டுக்கல் குழவியை வையுங்கள். எங்கள் வீட்டில் வெறும் தட்டை வைத்து ஒரு வாரம் கஞ்சி குடித்தோம்.