பிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ) படிக்கிறோம், மாணவர் குழு ஆரம்பிக்கப் போறோம்: சீனியர்கள் வழி சொல்லுங்க

சாத்தூர்க்காரி:
சென்னையில பிஎஸ்சி பிசிஷியன் அசிஸ்டன்ட் மூணாம் வருஷம், அதாவது டாக்டரோட மேற்பார்வையில நோயாளிகளைக் கவனிக்கிற படிப்பு. போன வாரம் வார்டுல ஒரு தாத்தாகிட்ட அரை மணி நேரம் ஹிஸ்டரி எடுத்தேன் (நோயோட விவரமெல்லாம் கேட்டு எழுதுறது). கடைசியில, "டாக்டரம்மா, எப்போ வீட்டுக்கு விடுவீங்க?"ன்னார். "நான் டாக்டர் இல்ல தாத்தா, பிஏ"ன்னேன். "பெரிய டாக்டருக்கு டைரி எழுதுற வேலையா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரல. எங்க செட்ல 22 பேர். எல்லாருக்கும் இதே கதைதான். அதான் ஒரு குழு ஆரம்பிக்கிறோம். முதல்ல எதைச் செய்யலாம்?

இதயவார்டு:
தங்கச்சி, நான் இதய அறுவை சிகிச்சையில 14 வருஷமா பிஏ. நம்ம வேலை நேத்து முளைச்சதில்ல. 1965-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில மருத்துவ உதவியாளரா இருந்தவங்களை வச்சு ஆரம்பிச்சார். இந்தியாவுக்கு வந்தது 1992-ல, நம்ம சென்னையிலதான். மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே. எம். செரியன் தொடங்கினார்.

தாத்தாவுக்கு என்ன சொல்லலாம்னா, நான் செய்யிறதையே சொல்றேன். காலையில ஆறரைக்கு சீஃப் சர்ஜன் வர்றதுக்கு முன்னாடி, ஆபரேஷன் பண்ண இடத்துல வச்ச வடிகுழாய்ல எவ்வளவு வந்திருக்கு, யூரின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவுன்னு பார்த்து வைப்பேன். பைபாஸ்னா கால்ல ரத்தக்குழாய் எடுக்கிறது நான். வால்வு மாத்தினவங்களுக்கு ரத்தம் கட்டாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் மாத்திரையைப் பத்தி உட்கார்ந்து விளக்குறதும் நான்.

ஒரு தடவை ரிவியூக்கு வந்த அம்மாவுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற அளவு, குறைஞ்சா சீக்கிரம் உறையும்) 2.8-லிருந்து 1.4-க்கு இறங்கியிருந்தது. மாத்திரை ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க. அடுப்படி வரைக்கும் விசாரிச்சேன். உடம்பு தேறணும்னு மருமக தினமும் முருங்கைக்கீரை கொடுத்திருக்கா. கீரையில இருக்கிற வைட்டமின் கே மருந்தோட வேலையைக் குறைச்சிடும், வால்வுல ரத்தம் கட்டிக்கலாம். உடனே சீஃப்கிட்ட சொன்னேன். டோஸை அவர் முடிவு பண்ணார். கேட்டுக் கண்டுபிடிச்சது நான், முடிவு அவரோடது. நம்ம வேலை இதுதான்மா.

குழுவுல வாரம் ஒரு கேஸ் எடுத்துப் பேசுங்க. தமிழ்ல அறிமுகம் சொல்லிப் பழகுங்க.

பொதுமருத்துவம்_எம்டி:
நான் டாக்டர். என் யூனிட்ல ரெண்டு பிஏ இருக்காங்க, அவங்க இல்லாம ரவுண்ட்ஸ் நகராது. ஆனா பேஷன்ட் 'டாக்டர்'னு கூப்பிட்டா அந்த இடத்துலயே திருத்துங்க. இங்கிலாந்துல இந்தக் குழப்பம் பெரிய பிரச்சினையாகி, 2025-ல அரசு கேட்டு வாங்கின லெங் அறிக்கை, அங்க பிஏவுக்கு இருந்த 'பிசிஷியன் அசோசியேட்'ங்கிற பேரை 'பிசிஷியன் அசிஸ்டன்ட்'னு மாத்தச் சொல்லிச்சு. எப்போ சீனியரைக் கூப்பிடணும்ங்கிறதையும் குழுவுல பேசுங்க. நல்ல பிஏவை நான் அதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்.

இதயவார்டு:
டாக்டர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. இன்னொண்ணு, 2021-ல வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்துல நம்ம தொழிலும் இருக்கு. அதைக் குழுவுல எல்லாரும் ஒரு தடவை உட்கார்ந்து படிங்க.

சாத்தூர்க்காரி:
ரொம்ப நன்றிக்கா, நன்றி டாக்டர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு செமினார் ரூம் கிடைச்சிருக்கு. முதல் கேஸ் உங்க முருங்கைக்கீரைதான். தாத்தா இன்னும் வார்டுலதான் இருக்கார், நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்.